மேப்பில் தெரு... நேரில் படிக்கட்டு! பிட்ஸ்பர்க்கின் 800 படிக்கட்டுகள் சொல்லும் கதை

மேப்பில் பார்த்தால் நேர்க்கோடு. வளைவு இல்லை, திருப்பம் இல்லை. இரண்டே நிமிடத்தில் மேலே இருக்கும் வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றும். காரில் அங்கே போனால், தெரு திடீரென்று முடிந்துவிடும். தார் ரோடு நின்ற இடத்தில் கான்கிரீட் படிக்கட்டு ஒன்று மேலே ஏறும். அதற்கு ஒரு கைப்பிடிக் கம்பி. பக்கத்துக் கம்பத்தில், மற்ற தெருக்களுக்கு இருப்பதைப் போலவே ஒரு பெயர்ப்பலகை. மேப் பொய் சொல்லவில்லை. அந்தப் படிக்கட்டுதான் தெரு!

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கிடைக்கும் வேடிக்கையான அனுபவம் இது. இந்த ஒரு நகரத்தில் மட்டும் 800-க்கும் மேற்பட்ட பொதுப் படிக்கட்டுகள் இருக்கின்றன. தனித்தனிப் படிகளாக எண்ணினால் 45,000-ஐ நெருங்கும். அமெரிக்காவில் வேறு எந்த நகரத்திலும் இத்தனை இல்லை என்கிறார்கள்.

தமிழர்களுக்கு பிட்ஸ்பர்க் புதிய பெயர் கிடையாது. பென் ஹில்ஸ் பகுதியில் இருக்கும் வெங்கடேஸ்வரா கோயில், அமெரிக்காவில் மரபு முறைப்படி கட்டப்பட்ட ஆரம்பகால இந்துக் கோயில்களில் ஒன்று. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு விமானம் ஏறிவந்த பெற்றோரும் நிறைய. கோயிலில் தரிசனம், மவுண்ட் வாஷிங்டன் உச்சியில் ஒரு செல்ஃபி, பாலங்கள்மீது ஒரு கார் சவாரி. பெரும்பாலான சுற்றுலா இதோடு முடிந்துவிடும். போகிற வழியில் கார் ஜன்னல் வழியாகத் தெரியும் உடைந்த படிக்கட்டுகளைப் பார்த்து, 'யாரோ கட்டி, யாரோ கைவிட்டது' என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த முதல் எண்ணம் எவ்வளவு தூரம் சரி?

மலை அல்ல, பள்ளத்தாக்கு

அலிகெனி, மோனோங்கஹேலா என்ற இரண்டு ஆறுகள் பிட்ஸ்பர்க்கில் ஒன்றுசேர்ந்து ஒஹையோ ஆறாகப் புறப்படுகின்றன. சமமாக இருந்த ஒரு மேட்டு நிலத்தை இந்த ஆறுகளும் ஓடைகளும் லட்சக்கணக்கான வருடங்களாக அறுத்து அறுத்துப் பள்ளமாக்கிவிட்டன. மிச்சம் நிற்பவைதான் இப்போது குன்றுகளாகத் தெரிகின்றன. ஆற்றங்கரையில் கொஞ்சம் சமதளம். அதைத் தாண்டினால் செங்குத்தான சரிவு. சரிவின் மேலே போனால் மறுபடியும் சமதளம்.

19-ம் நூற்றாண்டில் இரும்பு, எஃகு ஆலைகள் இங்கே பெருகியபோது, சமதளம் முழுவதையும் ஆலைகளும் ரயில் பாதைகளும் எடுத்துக்கொண்டன. ஆலைக்குத் தண்ணீர் வேண்டும், நிலக்கரியும் இரும்புத்தாதும் கொண்டுவர படகும் ரயிலும் வேண்டும். அதனால் ஆற்றை விட்டு ஆலை நகர முடியாது. நகர்ந்தது மனிதர்கள்தான். ஜெர்மனி, அயர்லாந்து, போலந்து, ஸ்லோவாக்கியா, லிதுவேனியா, உக்ரைன் என்று ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து வேலை தேடி வந்த தொழிலாளர்கள், சரிவுகளில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல சின்னச் சின்ன வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். கீழே ஆலை, மேலே வீடு. நடுவில் சாலை போட முடியாத செங்குத்து. அங்கேதான் படிக்கட்டு பிறந்தது.

முதலில் எல்லாம் மரப்படிகள். மழையிலும் பனியிலும் உளுத்துப்போகும், மறுபடி போட வேண்டும். 1930-களில் அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் சிக்கியபோது, வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அரசு நடத்திய திட்டங்களில் கான்கிரீட் படிக்கட்டுகள் கட்டப்பட்டன. பிறகும் பல வருடங்களுக்கு மரப்படிகள் கான்கிரீட்டாக மாறின. இன்று கண்ணில் படுபவற்றில் பெரும்பாலானவை அரை நூற்றாண்டைத் தாண்டியவை.

விஞ்சுக்குக் காசு... படிக்கு இலவசம்!

அந்தக் காலத்தில் மேலே போக இன்னொரு வழியும் இருந்தது. பழனி மலைக்குப் போனவர்களுக்கு விஞ்ச் தெரியும் அல்லவா? கம்பிவடம் இழுக்க, சரிவில் ஏறி இறங்கும் பெட்டி. அதே மாதிரியான இழுவை ரயில்கள் பிட்ஸ்பர்க்கில் ஒரு காலத்தில் ஒரு டஜனுக்கும் மேல் ஓடின. இப்போது ஓடுபவை இரண்டு. ஒன்று 1870-ல் தொடங்கிய மோனோங்கஹேலா இன்கிளைன், மற்றொன்று 1877-ல் தொடங்கிய டுகேன் இன்கிளைன். இரண்டாவது 1962-ல் மூடப்பட்டபோது, அந்தப் பகுதி மக்கள் நிதி திரட்டி அடுத்த வருடமே மறுபடி ஓட வைத்தார்கள். சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்குவது இவற்றுக்குத்தான். சுமார் 400 அடி உயரத்துக்கு ஏற்றிவிடும்.

இழுவை ரயிலுக்குக் கட்டணம் உண்டு. படிக்கட்டுக்கு இல்லை. 1920-களின் தொடக்கம் வரை அமெரிக்க எஃகு ஆலைகளில் 12 மணி நேர ஷிஃப்ட் சாதாரணம். உலையின் முன்னால் 12 மணி நேரம் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போக 200 படி, 300 படி ஏறியவர்களை நினைத்துப் பாருங்கள். ஊரைச் சூழ்ந்த புகையில் பகலிலேயே தெருவிளக்கு எரிந்த நாட்கள் உண்டு. 1941-ல் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, 1946-ல் இருந்து நடைமுறைக்கு வந்த பிறகுதான் வானம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. இன்று மவுண்ட் வாஷிங்டன் என்று அழைக்கப்படும் குன்றுக்கு ஒரு காலத்தில் பெயர் 'கோல் ஹில்', அதாவது நிலக்கரிக் குன்று. அதன் வயிற்றைக் குடைந்து எடுத்த கரிதான் கீழே ஆலைகளில் எரிந்தது.

இந்தக் கதை தெரிந்த பிறகு படிக்கட்டைப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். பெரும்பாலானவை ரசிப்பதற்காகக் கட்டியவை அல்ல. வேலைக்குப் போகவும், சர்ச்சுக்குப் போகவும், பள்ளிக்குப் போகவும், ரொட்டி வாங்கி வரவும் கட்டியவை.

சட்டப்படி இது தெரு

பிட்ஸ்பர்க் படிக்கட்டுகளில் 300-க்கும் மேற்பட்டவை சட்டப்படி தெருக்கள். நகரத்தின் வரைபடத்தில் அளவெடுத்துக் கோடு போட்டுத் தெருப்பெயரும் கொடுத்துவிட்டார்கள். நேரில் போய்ப் பார்த்தால் வண்டி ஏற வாய்ப்பே இல்லாத சரிவு. கோட்டை அழிக்கவில்லை. அந்தக் கோட்டின் மேலேயே படி கட்டிவிட்டார்கள். ஜி.பி.எஸ்ஸை நம்பி வருகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

சில வீடுகளின் வாசல் இந்தப் படிக்கட்டில் மட்டும்தான் திறக்கும். பின்பக்கம் சாலை கிடையாது, வண்டி நிறுத்த இடம் கிடையாது. முகவரி இருக்கிறது, கதவு எண் இருக்கிறது. தபால்காரர் படியேறித்தான் வர வேண்டும். ஃப்ரிட்ஜ் வாங்கினால், சோபா வாங்கினால் ஆட்கள் தோளில் தூக்கித்தான் வர வேண்டும். வீடு மாறுவது என்றால் சொல்லவே வேண்டாம். ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் அத்தனை படிகளும் இருக்கும். 'அழகான படி வீடு' என்று வெளியிலிருந்து ஃபோட்டோ எடுப்பது எளிது. உள்ளே இருப்பவர்களுக்கு அந்தப் படிதான் ஒரே வழி.

இன்னொரு வகையும் உண்டு. சாலை இருக்கும், ஆனால் நடைபாதை மட்டும் படியாக இருக்கும். பீச்வியூ பகுதியின் கேன்டன் அவென்யூ இதற்கு நல்ல உதாரணம். 37 சதவீதச் சரிவு. அதாவது, கிடைமட்டமாக 100 அடி நகர்ந்தால் 37 அடி ஏறியிருப்பீர்கள்! உலகின் மிகச் செங்குத்தான தெருக்களின் பட்டியலில் தவறாமல் இடம்பிடிக்கும் தெரு இது. கல் பாவிய சாலையில் கார்கள் திணறும். ஓரத்தில் படிக்கட்டு நடைபாதை அமைதியாக ஏறிப் போகும்.

எண்ணிப் பார்த்த மனிதர்

இத்தனை படிக்கட்டுகள் இருப்பது ஊர்க்காரர்களுக்கே பல காலம் முழுதாகத் தெரியாது. அவரவர் பகுதிப் படி அவரவருக்குத் தெரியும், அவ்வளவுதான். பாப் ரீகன் என்ற புவி இயற்பியலாளர் இந்த ஊருக்குக் குடிவந்த பிறகு, சைக்கிளில் சுற்றும்போதெல்லாம் படிக்கட்டுகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றாகத் தேடிப்போய், படிகளை எண்ணி, இடத்தைக் குறித்து, 2004-ல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். அவருடைய முதல் கணக்கு 712 படிக்கட்டுகள். பின்னர் வந்த பதிப்பில் அது 739 ஆனது. 2017-ல் நகர நிர்வாகம் எடுத்த கணக்கில் 800-ஐத் தாண்டியது.

ஒரே ஊரில் மூன்று கணக்கா? எதை ஒரு படிக்கட்டு என்று எடுத்துக்கொள்வது என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். பூங்காவுக்குள் இருப்பதைச் சேர்ப்பதா, நடைபாதைப் படிகளைச் சேர்ப்பதா, பாதி இடிந்ததைச் சேர்ப்பதா? அதோடு, பல படிக்கட்டுகள் கோடையில் செடிகொடிகளுக்குள் முழுசாக மறைந்துவிடும். இலையுதிர்காலம் முடிந்து மரங்கள் மொட்டையான பிறகுதான் 'அட, இங்கே ஒரு படி இருக்கிறதே' என்று தெரியும்.

ஆள் இல்லாத படியா?

1950-ல் பிட்ஸ்பர்க்கின் மக்கள்தொகை 6,76,806. 2020 கணக்கெடுப்பில் 3,02,971. பாதிக்கும் குறைவு! புறநகர்களுக்கு மக்கள் குடிபெயர்ந்ததும், 1980-களில் எஃகு ஆலைகள் அடுத்தடுத்து மூடப்பட்டதும் இதற்குக் காரணம். சவுத் சைடில் ஜோன்ஸ் அண்ட் லாஃப்லின் ஆலை நின்ற இடத்தில் இப்போது கடைகளும் அலுவலகங்களும் இருக்கின்றன. ஆலை போனது, வேலை போனது, வீடுகள் போயின. படிகள் மட்டும் நின்றன. காட்டுக்குள் ஏறி, எந்த வீட்டுக்கும் போகாமல் முடியும் படிக்கட்டுகள் இங்கே உண்டு. அவற்றைப் பார்க்கிறவர்கள், எல்லாப் படியும் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அங்கேதான் சறுக்கல். ஒரு படிக்கட்டு பகல் 12 மணிக்குக் காலியாக இருக்கலாம். அதே படியில் காலை 6 மணிக்குப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள் இருப்பார்கள். ஆற்றோரச் சாலையில் பேருந்து நிறுத்தம், மேலே வீடு. படி இருந்தால் ஐந்து நிமிடம். படி மூடப்பட்டால், வளைந்து வளைந்து ஏறும் சாலையில், பல இடங்களில் நடைபாதைகூட இல்லாமல், அரை மணி நேரம்கூட ஆகலாம். கார் வைத்திருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கார் இல்லாத தொழிலாளிக்கும், கல்லூரி மாணவருக்கும் தினசரி வாழ்க்கையே மாறிவிடும்.

நகர நிர்வாகத்துக்கு இருக்கும் சிக்கலும் சின்னதில்லை. ஒரு படிக்கட்டை முழுதாக இடித்துக் கட்ட பல லட்சம் டாலர் ஆகலாம். செங்குத்துச் சரிவில் வேலை செய்வதே கடினம். மண்சரிவு ஆபத்து வேறு. 800-ஐயும் சரிசெய்யப் பணம் கிடையாது. அப்படியானால் எதை முதலில் எடுப்பது? 2017-ல் போட்ட திட்டத்தில், பேருந்து நிறுத்தம் பக்கத்தில் இருக்கிறதா, பள்ளிக்குப் போகும் வழியா, சுற்றி எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பது போன்ற விஷயங்களை வைத்து முன்னுரிமை கொடுத்தார்கள். 'எது அழகு' என்பதைவிட 'எது யாருக்குத் தேவை' என்ற கேள்வி முன்னால் வந்தது.

நல்ல உதாரணம், ஓக்லாந்து பகுதியின் ஜான்கேர் தெருப் படிக்கட்டு. பல்கலைக்கழகங்கள் இருக்கும் மேட்டையும், கீழே பேந்தர் ஹாலோ என்ற பள்ளத்தாக்குக் குடியிருப்பையும் இணைக்கிறது. புதிதாகக் கட்டியபோது, படியின் ஓரத்தில் சைக்கிள் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போக ஒரு சின்னத் தடமும் வைத்தார்கள். தோளில் சைக்கிளைத் தூக்க வேண்டாம். சின்ன மாற்றம்தான், ஆனால் அந்தப் படியை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்துச் செய்த மாற்றம்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு எவ்வளவு நல்ல படிக்கட்டும் சுவர்தான். மூட்டுவலி இருக்கும் பாட்டிக்கு 200 படி என்பது வீட்டுக்காவல். பனிக்காலத்தில் எல்லாப் படிகளிலும் உடனுக்குடன் பனியை அள்ள முடிவதில்லை. படிகளைக் காப்பாற்றச் சொல்கிறவர்களும் இதை மறுப்பதில்லை. படி வேண்டும், படி ஏற முடியாதவர்களுக்கு வேறு வழியும் வேண்டும் என்பதே பேச்சு.

எங்கே நடக்கலாம்?

பிட்ஸ்பர்க்கில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களும் அங்கேயே படிக்கிற பிள்ளைகளும் ஒரு நாளை ஒதுக்கினால், சில பகுதிகளை நிதானமாகப் பார்க்கலாம்.

சவுத் சைடு ஸ்லோப்ஸ்: படிக்கட்டு நடைக்குப் பெயர்போன பகுதி. பயஸ் தெரு, மொனாஸ்டரி தெரு என்று தெருப்பெயர்களே பழைய கத்தோலிக்கக் குடியேறிகளின் கதையைச் சொல்லும். யார்டு வே என்ற படித் தெருவில் ஏறும்போது இருபுறமும் வீடுகள் நெருங்கி நிற்கும். ஓக்லி வே படிகளின் முகப்பில் வண்ண மொசைக் பதித்திருக்கிறார்கள். கீழே நின்று பார்த்தால்தான் முழுப் படமும் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் இப்பகுதி மக்கள் சங்கம் 'ஸ்டெப்ட்ரெக்' என்ற படிநடை விழாவை நடத்துகிறது.

ஃபைன்வியூ: ஆற்றுக்கு வடக்கே இருக்கும் குன்று. இங்கே ரைசிங் மெயின் என்ற படிக்கட்டில் 300-க்கும் மேற்பட்ட படிகள். நகரத்தின் மிக நீளமான படிக்கட்டுகளில் ஒன்று. பெயரில் இருக்கும் 'ரைசிங் மெயின்', கீழேயிருந்து மேலே தண்ணீர் ஏற்றும் பெரிய குழாயைக் குறிக்கும் சொல். தண்ணீர் ஏறிய தடத்திலேயே மனிதர்களும் ஏறினார்கள்.

டிராய் ஹில்: ரியால்டோ தெருவும் அதன் ஓரப் படிகளும். ஊர்க்காரர்கள் இதைப் 'பன்றி மேடு' என்பார்கள். கீழே ஆற்றின் நடுவே இருந்த தீவில் கால்நடைக் கொட்டடிகள் இருந்தன. அங்கிருந்து பன்றிகளை இந்தத் தெரு வழியாகத்தான் இறைச்சிக் கூடங்களுக்கு ஓட்டிப் போனார்களாம்.

மவுண்ட் வாஷிங்டன்: இழுவை ரயிலில் ஏறி, மேலே காட்சிமேடையில் மூன்று ஆறுகளும் பாலங்களும் சேரும் இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப அதிலேயே இறங்குவதுதான் வழக்கம். இறங்கும்போது குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் படிக்கட்டுகளைத் தேடிப் பார்த்தால், அஞ்சலட்டையில் வராத ஊர் தெரியும்.

கிளம்பும் முன்...

* நல்ல பிடிப்புள்ள ஷூ அவசியம். செருப்பு வேண்டாம். ஈரமான இலைகள் படிந்த படி, பனிக்கட்டி அளவுக்கு வழுக்கும்.
* 'மூடப்பட்டுள்ளது' என்ற பலகை இருந்தால் தாண்டிப் போகக் கூடாது. கீழே கான்கிரீட் அரித்துப் போயிருப்பது மேலிருந்து தெரியாது.
* ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்காலுக்கு வேலை அதிகம். குழந்தைகளையும் பெரியவர்களையும் கைப்பிடிப் பக்கமாக நடக்கவிடுங்கள்.
* ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர், அக்டோபரும் நடக்க இதமானவை.
* படியின் இருபுறமும் இருப்பவை மனிதர்கள் வசிக்கும் வீடுகள். ஜன்னலை நோக்கி கேமராவைத் திருப்பாதீர்கள். எதிரே வருகிறவருக்கு ஒரு வணக்கம் சொன்னால், அந்தப் படியைப் பற்றி எந்த ஆப்பும் சொல்லாத தகவல் கிடைத்தாலும் கிடைக்கும்.

படிக்கட்டைப் பார்த்தவுடன் அதன் விரிசல்தான் முதலில் கண்ணில் படும். இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, கைப்பிடிக் கம்பி. பெயின்ட் எங்கே உரிந்து, எங்கே வழவழப்பாக இருக்கிறது என்று பாருங்கள். தினமும் பல கைகள் பிடிக்கிற கம்பி துருப்பிடிக்காமல் மின்னும். மற்றொன்று, விளக்கு. மாலையில் அந்தப் படியில் விளக்கு எரிகிறதா? எரிந்தால், மேலே யாரோ வீடு திரும்பக் காத்திருக்கிறார்கள் என்று பொருள்.